அடுப்படி அனுபவம்: மட்டி வாங்கினால் மறக்கக் கூடாதவை



திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கையில் எட்டு மாதக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் போயிருந்த கணவர், திரும்பும்போது இரண்டு கிலோ மட்டியும் ஒரு கிலோ இறாலும் வாங்கி வந்தாராம். மீதியை அவர் எழுத்திலேயே படியுங்கள்:

"வரும்போதே ராத்திரி எட்டு மணி. மட்டியை பக்கெட் தண்ணீரில் கொட்டி, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று மூடி வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பாதி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நாற்றம் வேறே. மாமியார், 'கொதிக்கிற தண்ணியில போட்டா எல்லாம் சரியாப் போயிடும்'னு சொன்னாங்க. எனக்கு மனசு கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். 'காசைக் குப்பையில போட்டுட்டா'ன்னு ரெண்டு நாளாப் பேச்சு. நான் செய்தது தப்பா அம்மா?"

தப்பே இல்லை, மகளே. மட்டியைக் கொட்டினது சரி. பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்ததுதான் தப்பு. அந்தத் தப்பை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். கொட்டுகிற புத்திதான் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

என் மூத்த பெண்ணுக்கு அப்போது மூன்று வயசு. மாமல்லபுரம் போய்விட்டு செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் திரும்பினோம். வழியில் வாங்கின மட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, காலடியில் வைத்துக்கொண்டேன். சித்திரை மாத வெயில். வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்ததில் இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. "ரொம்ப வேகவிட்டா ரப்பர் மாதிரி ஆயிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, ஓடு திறந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைக்கு நள்ளிரவிலிருந்து மூன்று பேருக்கும் வாந்தியும் பேதியும். பெரியவர்கள் எப்படியோ சமாளித்தோம். குழந்தை விடியற்காலையில் கண் சொருகிப் படுத்துவிட்டாள். நாக்கு வறண்டு போயிருந்தது. ராத்திரி முழுக்க சிறுநீரே போகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றித்தான் தேறினாள். அந்த இரண்டு நாளையும் நான் இன்னும் மறக்கவில்லை.

விற்றவர் மேல் குற்றமில்லை. வாங்கின பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதது என் குற்றம். அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் கோவளத்தில் கூடை வைத்து விற்கிற ஒரு ஆயா.

"ஆயா, வீட்டுக்குப் போய் தண்ணியில ஊறப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ! உப்புத் தண்ணில பொறந்து வளந்தத நல்ல தண்ணில போட்டா செத்துப் பூடும்மா. ஈரச் சாக்குல சுத்தி நெழல்ல வையி. வாய மூடிக்கினு கம்முனு கெடக்கும்."

இதற்குள் ஒரு பெரிய விஷயமே அடங்கியிருக்கிறது. மீன் நம் கைக்கு வரும்போது செத்துத்தான் இருக்கும். மட்டியும் சிப்பியும் அப்படியில்லை. கூடையில் இருக்கும்போதும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றைச் சமைக்கிற வரைக்கும் உயிரோடு வைத்துக்கொள்வதுதான் நம்முடைய வேலை. உயிர் போன நிமிஷத்திலிருந்து உள்ளே கிருமி பெருக ஆரம்பித்துவிடும்.

மட்டி ஒரு வடிகட்டி

முட்டுக்காடு, கோவளம் காயல்களில் சேற்றுக்குள் புதைந்து வாழ்கிற மட்டி, தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலிருக்கிற நுண்ணிய பாசியைத் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடுகிறது. இப்படியே ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் அதன் உடம்புக்குள் போய் வருகிறது. நாம் காப்பி வடிகட்டுகிற பில்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டியும் சுத்தம். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்தால் அதிலிருக்கிற கிருமியும் அதன் வயிற்றில் சேர்ந்துவிடும். மீனுக்குக் குடலை எடுத்துவிடுகிறோம். மட்டியைக் குடலோடு முழுசாகத்தான் சாப்பிடுகிறோம். ஆகையால் மற்ற எதையும்விட இதில் ஜாக்கிரதை அதிகம் வேண்டும்.

1988-ஆம் வருஷம் சீனாவில் ஷாங்காய் நகரத்தில் சுமார் மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. காரணம் மட்டிதான். சாக்கடை கலந்த கடல் நீரில் விளைந்த மட்டியை, அந்த ஊர் வழக்கப்படி வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, அரைவேக்காட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஓடு திறந்ததும் அடுப்பை அணைத்த என் கதையும் இதே ரகம்தான்!

கடல் நீரிலேயே இயற்கையாக வாழ்கிற விப்ரியோ என்ற கிருமிகளும் உண்டு. நம் ஊர்ச் சூடு அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியில் வைத்த பொருளில் அரை மணிக்குள்ளேயே இரண்டு மடங்காகப் பெருகிவிடும். ஐஸிலும் பிரிட்ஜிலும் அவை சாவதில்லை, பெருகாமல் அடங்கி இருக்கும். சாகடிப்பது அடுப்பு ஒன்றுதான்.

வாங்கும்போது

மட்டி, சிப்பி: வாய் மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாவிட்டால் வேண்டாம். ஓடு உடைந்ததும் வேண்டாம். மற்றவற்றைவிடக் கனமாக ஒன்று இருந்தால் உள்ளே சேறு அடைத்திருக்கும். கடல் வாசனை வரலாம், அழுகல் நாற்றம் வரக் கூடாது.

இறால்: ஓடு பளபளப்பாக, உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை தொங்கக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டக் காயல்களில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொள்வார்கள். கரையேறின சூட்டில் அவர்களிடமே வாங்க முடிந்தால் அதைவிடப் புதுசு கிடையாது.

இறால் தலையில் கருப்புப் புள்ளி விழுவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். வெட்டின வாழைக்காய் கறுப்பது மாதிரி, இறாலுக்குள்ளேயே இருக்கிற ஒரு பொருள் காற்றுப் பட்டுக் கறுப்பதுதான் அது. விஷமில்லை. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஒரு அடையாளம். கருப்போடு நாற்றமும் வழவழப்பும் சேர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

நண்டு: காயல் சேற்று நண்டை உயிரோடுதான் வாங்க வேண்டும். கட்டின கயிற்றை வாங்குகிறவர் அவிழ்க்க வேண்டாம், கால் அசைகிறதா என்று பார்த்தால் போதும். எப்போது செத்தது என்று தெரியாத சேற்று நண்டு விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். கடல் நண்டு பெரும்பாலும் ஐஸில் செத்துத்தான் வரும். அதைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும், மூட்டில் அம்மோனியா நெடி அடிக்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கி, அதோடு கோயிலையும் கடையையும் சுற்றுவதுதான் நாம் செய்கிற பிசகு. ஊர் சுற்றிவிட்டு, பஸ் ஏறுவதற்கு முன்னால் வாங்குங்கள்.

இறாலையும் கடல் நண்டையும் ஐஸில் கொண்டுவர வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ நொறுக்கின ஐஸ் என்று கணக்கு வையுங்கள். அடியில் ஐஸ், நடுவில் இறால், மேலே ஐஸ். மூடி போட்ட பழைய தெர்மோகோல் பெட்டி ஒன்று வண்டியில் கிடந்தால் போதும். மீன் கடை ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்காது. அதை ஜூஸில் போடுவதோ, குழந்தை கையில் கொடுப்பதோ கூடவே கூடாது.

மட்டிக்கு வேறு முறை. ஐஸ் உருகின தண்ணீரில் அது மிதந்தால் செத்துப்போகும். ஈரச் சாக்கிலோ ஈரத் துணியிலோ சுற்றி, கூடையில் வைத்து, காற்றோட்டமாகக் கொண்டுவாருங்கள். ஐஸ் வைப்பதானால் தனிப் பையில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியில்லாமல் வெளியில் இருக்கிற நேரம் மொத்தம் இரண்டு மணிக்கு மேல் போகக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

வீட்டில் வைக்கும்போது

மட்டியை அகலமான கிண்ணத்தில் பரப்பி, ஈரத் துணி போர்த்தி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பா வேண்டாம். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், வடிகிற நீர் பாலிலோ தயிரிலோ படக் கூடாது. அதிகபட்சம் ஒரு நாள். வாங்கின அன்றே சமைப்பது உத்தமம்.

மண் போக வேண்டுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் உப்புத் தண்ணீர். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி கல் உப்புப் போட்டுக் கரையுங்கள். அகலமான பாத்திரத்தில் மட்டியைப் பரப்பி, அது மூழ்குகிற அளவு ஊற்றி, குளிர்ச்சியான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயைத் திறந்து மண்ணைக் கக்கிவிடும். பிறகு கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினால் கக்கின மண் மறுபடியும் மேலேயே விழும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து செத்துப்போகும்.

இதனால் போவது மண்தான், கிருமி போகாது. சிப்பிப் பண்ணைகளில் கிருமி நீக்கின கடல் நீரை ஒரு நாள், இரண்டு நாள் ஓடவிட்டுச் சிப்பியைச் சுத்தம் செய்கிற முறை உண்டு. அதைச் சமையல்கட்டு பக்கெட்டில் செய்ய முடியாது.

இறாலை வந்தவுடனே தலையும் ஓடும் நீக்கி, முதுகிலுள்ள கருப்பு நரம்பை எடுத்து, கழுவி, மூடி போட்ட பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாளைக்குள் சமைத்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால், ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, சின்ன டப்பாக்களில் போட்டு, முழுகத் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். எடுத்தால் பிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் வைத்து இளக விடுங்கள். இளகினதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கரண்ட் நீண்ட நேரம் போய் எல்லாம் இளகி, சில்லென்றும் இல்லாமல் போயிருந்தால் ஆசைப்படாமல் கொட்டிவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். விப்ரியோ காயத்தின் வழியாகவும் ஏறும். இறால் நறுக்கின பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குகிற பழக்கமும் வேண்டாம்.

அடுப்பில்

மஞ்சள் தூள் கவிச்சியைப் போக்கும். எலுமிச்சை ருசியைக் கொடுக்கும். மிளகாய் காரம் கொடுக்கும். இவை மூன்றும் கிருமியைக் கொல்லும் என்று நம்பி யாரும் வேகாததைச் சாப்பிட வேண்டாம்.

தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மட்டியைப் போடுங்கள். ஓடு திறப்பது வெந்ததற்கு அடையாளமில்லை. திறந்த பிறகு இன்னும் ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். ஒரே பாத்திரத்தில் நெருக்கி அடைத்தால் நடுவில் இருப்பது வேகாது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கடைசி வரை திறக்காததைக் கத்தியால் நெம்பித் திறக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். அதன் பிறகு சதையை எடுத்து வெங்காயம், மிளகு, தேங்காயோடு வதக்கினால் ரப்பராகவும் ஆகாது, பயமும் இல்லை.

இறால் உள்வரை வெண்மையாகி, சுருண்டு வர வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிகிற இடம் இருக்கக் கூடாது.

கொதிக்க வைத்தாலும் போகாதது

வாசகியின் மாமியாருக்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். "கொதிக்கிற தண்ணியில போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பது கிருமிக்குப் பெரும்பாலும் சரி. செத்து நாறின மட்டிக்குச் சரியில்லை. இன்னொன்றுக்குச் சரியே இல்லை.

கடலில் சில சமயம் விஷமுள்ள நுண்பாசி ஒருவகை ஏராளமாகப் பெருகும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலைகள் நீலமாக ஒளிர்ந்ததே, நினைவிருக்கிறதா? அது வேறு ஜாதி நுண்ணுயிர். இந்த விஷம் அதற்குக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எவ்வளவு பெருகும் என்பதற்காகச் சொன்னேன். விஷமுள்ள ஜாதி பெருகினால் மட்டி அதைத் தின்று விஷத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது, உயிரோடு வாயை மூடிக்கொண்டு நன்றாகவே இருக்கும். ருசியிலும் வாசனையிலும் வித்தியாசம் தெரியாது. கழுவினாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

1981-ல் நம் தமிழ்நாட்டுக் கடலோரத்திலேயே மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்துபோனார்கள். 1997-ல் கேரளத்து விழிஞ்ஞத்தில் பாறையில் ஒட்டி வளர்கிற கல்லுமேக்காய் சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பயந்துகொண்டு மட்டியையே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கடல் தண்ணீரோ காயல் தண்ணீரோ சிவப்பாக, பழுப்பாக நிறம் மாறியிருந்தால், கரையில் மீன் செத்து ஒதுங்கியிருந்தால், அந்த வாரம் மட்டி வேண்டாம். "நீங்க உங்க வீட்ல ஆக்கினீங்களா?" என்று விற்கிறவரையே கேளுங்கள். கடலோரத்துப் பெண்கள் இதில் பொய் சொல்ல மாட்டார்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப் போனால், குத்துகிற மாதிரி இருந்தால், அது அஜீரணம் இல்லை. மோர் கொடுத்து, ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு திணறினால் செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற முடியும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இருப்பது முக்கியம். என்ன சாப்பிட்டோம் என்பதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு

கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், சர்க்கரை வியாதிக்காரர்கள், வயசானவர்கள், சின்னக் குழந்தைகள் யாரும் அரைவேக்காட்டைத் தொடவே கூடாது. பால் கொடுக்கிற தாய் நன்றாக வெந்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு மட்டி வேண்டாம் அம்மா. இறாலை நன்றாக வேகவைத்து மசித்து, முதல் நாள் துளி மட்டும், பகல் வேளையில் கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், இருமல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்காவது இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு வேகவைத்தாலும் ஒவ்வாமை குறையாது.

வாந்தி பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நாக்கு வறண்டு, கண் குழிந்து, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

வாசகிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மாமியாரிடம் சண்டை வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத காலத்தில், காலையில் பிடித்ததை மத்தியானமே ஆக்கிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அந்தக் கணக்குக்கு அவர்கள் சொன்னது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அரைக் கிலோ மட்டி மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள், ஈரச் சாக்கில். "அத்தை, பக்குவம் நீங்க சொல்லுங்க, நான் ஆக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓடு திறந்த பிறகு ஐந்து நிமிஷம் என்பதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெண்ணுக்கு இப்போது அவளுடைய பெண்ணே பள்ளிக்கூடம் போகிறாள். மட்டி வாங்கினால் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்துத்தான் பாத்திரத்தில் போடுகிறாள். பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, "இது தூங்குது, இது செத்துப்போச்சு" என்று பிரித்துக் கொடுக்கிறாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.